சீதன வீட்டுக் காற்றுக்குழாய்

உங்கள் வீட்டில் நாற்றம் அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? எங்கிருந்து வருகிறது என்று தேடுவீர்களா, சாம்பிராணி போடுவீர்களா?

சாம்பிராணிதான் போடுவீர்கள். எனக்குத் தெரியும். மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், அந்தப் புகையைக் குடித்து இருமியவன் நான்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போனவன் நான்தான். களுவாஞ்சிக்குடியில் மாமா தன் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த கல்வீடு. மாமா போடியார், வயல்காரர். மட்டக்களப்பில் ஏதோ ஒரு துரை பங்களாவின் சுவருக்குள் காற்றுக்குழாய் இருக்கக் கண்டு வந்து, மகளின் அறைக்கும் அதே மாதிரி வைத்தார். வெளிச்சுவரில் ஆள் உயரத்தில் ஒரு வாய். சுவருக்குள்ளேயே மண்குழாய் மேலே ஏறி, கூரைக்குச் சற்றுக் கீழே அறைக்குள் திறக்கும். அங்கே நெருக்கமாகக் குச்சி அடித்த ஒரு மரச்சட்டம். வருகிற விருந்தாளிக்கெல்லாம் மாமா முதலில் காட்டுவது அதைத்தான். நானும் அதை மெச்சியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, நல்ல ஐடியாதான்.

இந்த அறையில்தான் என் மனைவி தங்கம், இரண்டு மாதக் கர்ப்பிணி, படுத்திருந்தாள்.

வாந்தி இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இவளுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கைவளையல் முழங்கை வரை ஏறியது. ஊர் வைத்தியர் அப்போதிக்கரி வந்து பார்த்தார். இந்தக் கிழமைக்குள் ஏதாவது உள்ளே தங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இரண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையிலோ நாற்றம்... சாதாரண நாற்றமா அது? செத்ததன் நாற்றம்.

மசக்கைக்காரிக்கு இல்லாத நாற்றமெல்லாம் அடிக்கும் என்றார் மாமி. சரி, எனக்கும் அடிக்கிறதே — எனக்கும் மசக்கையா? ஆற்றுப் பாசி அழுகுகிறது, கச்சான் காற்று கொண்டுவருகிறது என்றார் மாமா. இரண்டு நாள் கச்சான் ஓய்ந்தது. நாற்றம் ஓயவில்லை, கூடியது. ஒருநாள் தங்கம் சுவரைப் பிடித்துப் பிடித்து வளவுக்குள் தனியே இருக்கும் சமையல் குசினிக்குப் போய் அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். தங்கியது! வெயில் ஏறுமுன் உள்ளே கூட்டிவந்து படுக்கவைத்தார்கள். அவ்வளவும் வெளியே வந்துவிட்டது.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அறைக்குள்ளும் அந்த மரச்சட்டத்துக்குக் கீழேதான் நாற்றம் அதிகம். காற்றுக்குழாயை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

சீதன வீட்டைக் குறை சொன்ன மருமகனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் கண்ணாடியில் பார்த்தேன். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வயல் வட்டைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். சொந்தக்காரப் பெண்கள் நாலு பேர் அறை வாசலில் நின்று, சாம்பிராணிப் புகைக்குள் மூக்கை நீட்டி, நல்ல வாசமாகத்தானே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒருத்திகூட அறைக்குள் கால் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்கவேண்டுமா?

மூன்றாம் நாள் மேசனைக் கூட்டி வந்தேன். கந்தப்பன் மேசன், அந்தக் குழாயைப் பதித்தவரே அவர்தான். சுத்தியலை எடுத்துவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

“போடியார் சொல்லாம இந்தச் சுவரில நான் கை வைக்க மாட்டன், தம்பி.”

மாமா மேசனிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. “நாலு வருஷமாக் காத்து வந்த குழாய் கா. மருமகனுக்கு மட்டும் மணக்குதாம். கொலேஜில மூக்குக்கும் படிப்பிச்சி அனுப்பினாங்களோ?”

மேசன் சிரித்தார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எனக்கு என்ன உரிமை? உடுப்புப் பெட்டியும் சைக்கிளும்தான் என்னுடையவை.

அப்போது தங்கம் எழுந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“அப்பா, வீட்டு உறுதி ஆர்ர பேரில கிடக்கு?”

“உன்ர பேரிலதான், புள்ள.”

“அப்ப நான் சொல்றன். மேசன், நீங்க உடைங்க.”

மாமி அழத் தொடங்கினார். “உடைக்க வேணாம். வெளிவாயத் தோண்டினாக் காணும். நான்தான் அடைச்ச... வேப்பில வச்சுக் களிமண்ணும் பூசின.”

மகள் உண்டானதும் காத்துக்கறுப்பு ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும் என்று பயந்து, வாழைகளுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் மூடியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று தங்கம் கேட்டாள்.

“உன்ர புருஷன் சிரிப்பாரெண்டுதான், புள்ள.”

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. தங்கம் உண்டான முதல் மாதம், பேய் அண்டாமலிருக்க மாமி அவள் தலையணைக்குக் கீழே பாக்குவெட்டி வைத்தபோது நான் சிரித்த சிரிப்பு அப்படி. சயன்ஸ் படித்த சிரிப்பு.

தோண்டினோம். காய்ந்த வேப்பிலை வந்தது. மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியை விட்டுக் கிளறினால் — நாலு வௌவால். பகலில் குழாய்க்குள் தூங்கியவை. மேலே மரச்சட்டம், கீழே மாமியின் களிமண். எந்தப் பக்கம் போகும், பாவம்?

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் எழுதி வையுங்கள். செத்ததை முழுக்க எடுங்கள், மிச்சம் விடாதீர்கள். மேல்வாயால் கொதிக்கும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு சுண்ணாம்புத் தண்ணீர். ஈரம் காய்ந்ததும் சிரட்டைக்கரியைத் துணியில் கட்டி உள்ளே இரண்டு நாள் தொங்கவிடுங்கள், மிச்ச நாற்றத்தை அது குடித்துவிடும். கடைசியில் வெளிவாய்க்குக் கம்பிவலை அடியுங்கள். எங்கள் வலைக்கு வெளியே ஒரு கொத்து வேப்பிலையும் தொங்குகிறது. நான்தான் கட்டினேன். காற்றுக்கு இடைஞ்சல் இல்லை, மாமிக்கும் பயமில்லை.

ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை. வீட்டுக்குள் மூக்குள்ள மனிதர் எத்தனை பேர்! போடியாரின் வீடு நாறும் என்று சொல்லக்கூடாது என்பதற்காக ஒரு கர்ப்பிணியைச் செத்த வௌவால்களோடு மூன்று கிழமை படுக்க வைத்தோமே. இதற்குப் பெயர் மரியாதையா? அவள் எலும்பாகிக்கொண்டிருந்தாள், நாம் தணலில் தூளைத் தூவிக்கொண்டிருந்தோம்!

மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இப்போது காலை பத்து மணி. தங்கம் இரண்டாவது கோப்பை கஞ்சி குடிக்கிறாள்.