இருபத்திரண்டு பேணித் தண்ணீர்

வெறும் தகர வாளியின் அடியில் தண்ணீர் விழும் ஓசை வேறு, கால் வாளி நிறைந்த பின் விழும் ஓசை வேறு, கழுத்துவரை வந்துவிட்டால் ஓசையே இல்லாமல் ஒரு முணுமுணுப்பு மட்டும் மிஞ்சும் என்பதை நான் ஒன்பது வயதில் அறிந்திருந்தேன். அந்த வயதில் அதிகம் கேட்ட ஓசை அதுதான். நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், இருபத்துநான்கு வீடுகள் கொண்ட எங்கள் லயத்துக்கு இருந்தது ஒரே ஒரு ‘பீலி’. மலை ஊற்றிலிருந்து வரும் ஓர் இரும்புக் குழாயின் வாய், அவ்வளவுதான்.

ஒரு பாடசாலை மலருக்கு ‘நற்பண்புகளும் அன்றாட வாழ்வும்’ என்று ஒரு கட்டுரை வேண்டும், ஆயிரம் சொற்களுக்கு மேல் போக வேண்டாம் என்று போன மாதம் கேட்டிருந்தார்கள். முப்பத்துநான்கு வருடம் ஆசிரியராக இருந்தவன், பாடப்புத்தகத்தின் பத்து நற்பண்புகளையும் உறக்கத்தில்கூட ஒப்பிக்கக் கூடியவன். பதுளையில் இந்த மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து (மனைவி போய் ஆறு வருடம், படிகள் பதினேழு, முழங்கால் இரண்டும் கெட்டுவிட்டன) உண்மை, பொறுமை, இரக்கம் என்று வரிசையாக எழுதத் தொடங்கினேன். முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. நின்ற காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வருடம் ஆடிக் காற்று மூன்று மாதம் வீசியும் ஒரு துளி மழை இல்லை. பீலியில் தண்ணீர் விரல் பருமனுக்கு இளைத்துவிட்டது. வாளி ஒன்று நிறைய நான் எண்ணூறு வரை எண்ண வேண்டியிருந்தது. போதாததற்கு, பிற்பகல் இரண்டு மணி ஆனதும் மலைமேல் உள்ள தொட்டியடியில் தண்ணீரைத் தோட்டத் துரையின் பங்களாப் பக்கம் திருப்பிவிடுவார்கள், மறுநாள் காலை எட்டரைக்குத்தான் பீலிக்குத் திரும்ப வரும். காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள், மாலை வந்து எடுப்பார்கள். “வாளி நின்னா ஆளு நின்ன மாதிரி” என்பது லயத்துப் பெரியவர்களின் வாக்கு. வரிசையில் நிற்கும் வாளியை ஒருவரும் தொடமாட்டார்கள். வீட்டுக்கு ஒரு வாளிக்கு மேல் ஒருவரும் வைக்கவும் மாட்டார்கள். நாளுக்கு ஒரு வாளி என்று வரிசை சுழலும். இன்று முதலில் நின்ற வாளி நாளைக்குக் கடைசி.

பாடசாலை விடுமுறை ஆனதால் நிறைந்த வாளியை நகர்த்தி அடுத்ததை வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அதற்குக் காரணம் என் பெயர்தான். நான் பொய் சொல்லமாட்டேன் என்று லயம் முழுவதும் பெயர். எதையும் எண்ணிக்கொண்டே இருப்பேன் என்பதால் பெண்கள் என்னைச் ‘சின்னக் கணக்கப்பிள்ளை’ என்று கேலி செய்வார்கள். காலை எட்டரையிலிருந்து இரண்டு மணி வரை நானும் இருபத்துநான்கு வாளிகளும் மட்டுமே இருப்போம். பேச ஆள் கிடையாது. பேச்சுக்குப் பதிலாக எண்ணினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒவ்வொரு வாளியிலும் ஓர் இலைக்கொத்து கிடக்கும். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது தண்ணீர் அலம்பிச் சிந்தாமல் இருக்க, காலையிலேயே வெறும் வாளிக்குள் இலைக்கொத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் ஏற ஏற அதுவும் மிதந்து மேலே வரும். அவரவர் வீட்டுக் கொல்லையில் எது உண்டோ அது. மூக்காயி அத்தை வீட்டில் கொய்யா இலை, கடைசி வீட்டில் மாவிலை, எங்கள் வீட்டில் எலுமிச்சை.

என் ஒரே கூட்டாளி மேல் லயத்தில் இருந்தான். அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குப் போவதற்குக் கடதாசி வந்துவிட்டது. அவர்களை ஏற்றிக்கொண்டு பதுளை ஸ்டேஷனுக்குப் போகும் லாரி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ரோட்டு வளைவைக் கடந்தது. லாரியின் சத்தம் கேட்டபோது கடைசி வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அது செல்லாயி அக்காவின் வாளி. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். லாரியில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கு நடுவில் அவன் முகம் தெரிந்ததா, அவன் கையசைத்தானா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

செல்லாயி அக்காவின் வாளி கவிழ்ந்து கிடந்தது. மாடு முட்டியிருக்க வேண்டும். ஈரத்தில் குளம்படி பதிந்திருந்தது. பீலியும் நின்றுவிட்டது. செல்லாயி அக்காவுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. தண்ணீர் இல்லாமல் அந்த வீட்டில் ஓர் இரவு எப்படிப் போகும் என்பது எனக்கும் தெரியும். பீலியடியில் கிடந்த, டின்பால் வந்த வெறும் தகரப் பேணியை எடுத்து, நிறைந்திருந்த ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு பேணி மொண்டு அவள் வாளியில் ஊற்றினேன். ஒரு பேணி குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எங்கள் வாளிக்கு வந்தபோது கை நின்றது. அம்மா கண்டுபிடித்துவிட்டால் அடி விழும் என்று நினைத்தேனா, எங்கள் வீட்டுக்கே தண்ணீர் போதாது என்று நினைத்தேனா, நினைவில்லை. எங்கள் வாளியைத் தாண்டிப் போனேன். மொத்தம் இருபத்திரண்டு பேணி. எண்ணுவதில் இருந்த கவனத்தில், பேணியோடு இலைகளும் துணுக்குகளும் சேர்ந்து போனதை நான் பார்க்கவில்லை.

நாலரை மணிக்குப் பெண்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். மூக்காயி அத்தை தன் வாளியைத் தூக்கக் குனிந்தவள் நிமிர்ந்து பக்கத்து வாளியைப் பார்த்தாள்.

“ஏன்டி செல்லாயி, எங்க வூட்டு கொய்யா எலை ஒன் வாளிக்கு நடந்தா வந்துச்சு?”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாவிலைத் துண்டு, வாழை நறுக்கு, துளசி என்று இன்னும் பல வீட்டு இலைகள் அதில் மிதந்தன. கைக்குழந்தைக்காரிகளுக்கு மட்டும் பால் கொடுக்கப் பிற்பகலில் ஒருமுறை, லயத்தருகே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘பிள்ளைக்காம்பரா’வுக்கு வந்துபோக அனுமதி உண்டு, எங்கள் லயத்தில் அப்போது கைக்குழந்தைக்காரி அவள் ஒருத்திதான். அன்று பிற்பகல் கீழே வந்தவளும் அவள் மட்டுமே. அதற்கு மேல் யாருக்கும் விசாரணை தேவைப்படவில்லை. வரிசை வாளியில் கை வைத்தவள் என்று ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். புருசன் மடுல்சீமையில் வேலைக்கு இருக்கிறான், கேட்க ஆளில்லாத திமிர் என்றார்கள். செல்லாயி அக்கா தன் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாதான் கடைசியில் சொன்னாள். “எதுக்குச் சண்டை? எம் மவன் இங்கதானே இருந்தான். அவன் பொய் சொல்லமாட்டான். கேளுங்க அவனை.”

செல்லாயி அக்கா தவிர மற்ற இருபத்துமூன்று பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

“நான் லாரி பாக்க ரோட்டுக்குப் போயிருந்தேன்” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் இல்லாத நேரத்தில்தான் நடந்திருக்கிறது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அம்மா பெருமையோடு என் தலையைத் தடவினாள். செல்லாயி அக்கா மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் குழந்தையை எடுக்கப் போனாள். அந்தத் தண்ணீரை மற்றவர்கள் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் வாளிகளை ஒழுங்குபடுத்தப் பீலிக்குப் போனேன். செல்லாயி அக்கா வெறும் வாளியை எடுத்துக்கொண்டு கீழே ஆற்றுப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“எல்லா வூட்டு எலையும் என் வாளியில கெடந்துச்சு தம்பி. ஒங்க வூட்டு எலுமிச்சை மட்டும் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். நேற்று மாலையே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் நடுவில் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஏன் சொல்லவில்லை? பொறுமை என்று பாடப்புத்தகம் சொல்லும். சின்னப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்ற இரக்கமா, இவர்களிடம் போய் நிரூபிப்பதா என்ற ரோசமா, சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்ற சலிப்பா என்று ஐம்பத்தைந்து வருடமாக யோசிக்கிறேன். என் பத்துப் பண்புகளில் எதையும் அவள்மேல் பொருத்திப் பார்க்க முடியவில்லை. ஆனால் என்னுடையது எது என்று தெரியும். உண்மை பேசுகிறவன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள உண்மையையே பயன்படுத்தினேன்.

அன்று முதல் வரிசையில் இருபத்துமூன்று வாளிகள். ஆற்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள், அதன் பிறகு காட்டுப் பாதை. வேலை முடிந்து வந்து, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவள் இறங்கி ஏறுவதைத் தினமும் பார்த்தேன். ஒருநாள் எங்கள் தண்ணீரில் பாதியை அவள் வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். சற்று நேரத்தில் அது ஒரு சொட்டும் குறையாமல் எங்கள் வாசலுக்குத் திரும்பிவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். முப்பத்தேழாம் நாள் மழை வந்தது. பீலி பெருகியது, வரிசை கலைந்தது. அதன் பிறகு சொல்வதற்குத் தேவையில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் செல்லாயி அக்கா குடும்பத்துக்கும் கடதாசி வந்து லாரி வந்தது. அன்று நான் வளைவுக்குப் போகவில்லை, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அந்த லாரியில் எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

மலருக்குக் கட்டுரை எழுத முடியாத எரிச்சலில் போன வாரம் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் காது கிழியப் பாட்டு. பீலி இருந்த இடத்தில் சிமெந்துத் தளமும் நீலநிறத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. வரிசை இல்லை. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்களாம். பழைய இருபத்துநான்கு குடும்பங்களில் ஒன்றே ஒன்று மிச்சம், மூக்காயி அத்தையின் குடும்பம். அத்தையின் பேத்தி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நாற்காலி போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, வந்த விசயத்தைச் சொன்னேன். “ஒங்க பாட்டி அன்னைக்குச் சொன்னது தப்பும்மா. செல்லாயி தண்ணி எடுக்கல. எடுத்தது நான்.”

அவள் துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, வியப்பும் இல்லை. வயதானவர்களிடம் காட்டுகிற மரியாதை மட்டும் இருந்தது.

“பாட்டி செத்து இருவது வருசத்துக்கு மேலாச்சுங்க ஐயா” என்றாள். “செல்லாயிங்கிறது யாருங்க?”

அவளைத் திருடி என்று சொன்ன வாய்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. அந்தப் பழி அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டு அழிந்துவிட்டது. அவள் திருடவில்லை என்று சொல்வதற்காக அவ்வளவு தூரம் போயிருந்தேன். அப்படி ஒருத்தி அங்கே இருந்தாள் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினேன்.