தேயிலையில் ஏறிய கோப்பி வாசம்

எங்கள் வீட்டில் கோப்பி குடிப்பது குற்றமன்று, வறுப்பதுதான் குற்றம். இந்தச் சட்டத்தை இயற்றியவர் என் தந்தையார். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் டீமேக்கராக இருந்தார். பறித்த கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, சூட்டில் காய்ந்து, சலிக்கப்பட்டுப் பெட்டிக்குள் அடைபடும்வரை அதற்கு அவரே பொறுப்பாளி. தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த மலையில் தேயிலைக்கு முன்பு கோப்பி விளைந்த காலத்தில் வைத்த பெயராம். ஸ்டோருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி திரும்பும் அளவுக்கே வெளி இருந்தது.

காய்ந்த தேயிலை அருகில் இருக்கும் எந்த வாசனையையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே காற்று ஸ்டோர்ப் பக்கம் வீசும் நாளில் எங்கள் அடுப்பில் கருவாடு ஏறாது. சலிப்பறைப் பெண்கள் தலையில் பூவோடு உள்ளே நுழைய முடியாது. ஸ்டோரின் பெரிய அடுப்புக்கு விறகு போடும் அடுப்புக்காரர் ஒருவர், அதன் வாயிலேயே ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டுத் தின்றுவிட்டார் என்பதற்காக, அப்பா அன்றைக்கே அவரை ஸ்டோரிலிருந்து நீக்கிப் புல்வெட்டும் வேலைக்கு அனுப்பினார். அந்த மனிதரின் மனைவி எங்கள் வாசலில் வந்து அழுதபோது, அப்பா கதவைத் தாண்டி வெளியே வரவில்லை. “ஸ்டோருக்குச் சட்டம் ஒண்ணுதான்” என்று உள்ளிருந்தபடியே சொன்னார். ஒன்பது வயதுச் சிறுமியாகிய எனக்கு அந்தக் குரலைக் கேட்கப் பெருமையாக இருந்தது.

நான் கல்லூரி விடுதிக்கு அனுப்பப்படுவதற்கு முந்திய ஆண்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமற் போயிற்று. சோற்றைக் கண்டால் குமட்டியது, கஞ்சியும் நிற்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், ஸ்டோரிலிருந்து காற்றில் வரும் தேயிலை வாசம் அவருக்கு அடியோடு ஆகாமற் போய்விட்டது. டீமேக்கரின் மனைவிக்குத் தேயிலை ஆகவில்லை என்பதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாதென்று எனக்கு உத்தரவு. அது என்ன நோய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறு ஆண்டு தம்பி பிறந்தபோதும் அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் அம்மா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு வாய் பள்ளத்துக் கோப்பி.

தோட்டத்தின் கீழ்க்கோடியில், ஓடையை ஒட்டிய பள்ளத்தில், முன்பு மலையின் கோப்பியையெல்லாம் அழித்த இலைநோய்க்குத் தப்பிய பழைய செடிகள் சில காடாக வளர்ந்து நின்றன. அவை அரபிக்கா இனம் என்பதைப் பிற்காலத்தில் படித்தே அறிந்தேன். அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கலாமென்று வந்து தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அந்தச் செடிகளைத் தேடிப் போனார். பலாங்கொடையில் ஒரு கடையில் வேலை செய்தவர் அவர். எதையும் சிரித்துக்கொண்டே செய்வார், பேச்சுக்குப் பேச்சு ‘சரி, சரி’ என்பதைச் சிங்களத்தில் ‘ஹரி, ஹரி’ என்று சொல்லிக்கொள்வார். சிவக்கப் பழுத்த பழங்களை மட்டும் பறித்துவந்து, பிதுக்கி, ஊறவைத்து, வழுவழுப்புப் போகும்வரை கழுவி, வெயில் கண்ட நேரமெல்லாம் பாயில் காயப்போட்டார். பிறகு உமி போக இடித்துப் புடைத்தார். கடையிலிருந்து கொண்டுவந்த கோப்பியும் அவரிடம் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் அளவு கூடுமே என்று நான் கேட்டேன்.

“அதெப்பிடி மருமகளே? அது ஊரு ஊரா பொறுக்கின மூட்டை. இது ஒரே பள்ளத்துல, ஒரே ஓடைத் தண்ணியில வெளஞ்சது. கலந்தா ரெண்டும் கெட்டுடும்” என்றார் மாமா.

எல்லாம் ஆயிற்று, வறுப்பது மட்டும் மீந்தது.

“அத்தான், ஒரு சட்டிதான். சட்டுன்னு வறுத்துடறேன். அக்கா மொகத்தப் பாருங்க.”

“இந்த வீட்ல வறுக்கப்படாது.”

“அப்ப லயத்துல, தொழிலாளிங்க வீட்டு அடுப்புல வறுத்துட்டு வர்றேன்.”

“டீமேக்கர் வீட்டுக் கோப்பிக்கு லயத்துல அடுப்பு எரியுதுன்னு மலை முழுக்கப் பேசட்டுமா? ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிட்டு நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஸ்டோருக்குள்ள போறது?”

“ஹரி, அப்ப அக்காவப் பச்சையா மெல்லச் சொல்லிருவோம்.”

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விடியலிலிருந்தே மழை. ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. பகல் உணவுக்குப் பின் அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு, மெஷின் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சாவியோடு புறப்பட்டார். மாமாவும் நானும் பிற்பகல் முழுவதும் தாயம் ஆடினோம். என் காயை வெட்டுவதற்காக மாமா செய்யாத திருட்டுத்தனம் இல்லை. விளையாட்டு பாதியில் இருக்கும்போதே அப்பா திரும்பினார். அவர் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டுவது என் அன்றாட வேலை. எப்போதும் தேயிலைத் தூள் மணக்கும் அந்தக் கோட்டில் அன்று கருகிய இனிப்புப் போல வேறொரு மணம் இருந்தது. மழையில் நனைந்த துணி அப்படித்தான் மணக்கும் போலும் என்று மாட்டிவிட்டேன்.

அன்று மாலை அம்மா சமையலறையில் கோப்பி இடிக்கும் ஓசை கேட்டது. மாமா எப்படியோ லயத்தில் யாரையோ பிடித்து வறுத்து வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கடைக் கோப்பியென்றால் மல்லியும் சுக்கும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவார்கள். இதில் அம்மா எதையும் சேர்க்கவில்லை. தண்ணீர் கொதித்ததும் பானையை இறக்கி, குமிழி அடங்கும்வரை பொறுத்திருந்து, தூளைப் போட்டு ஒரே ஒருமுறை கிளறி மூடினார். சற்றுக் கழித்து மூடியைத் திறந்து கைநிறையக் குளிர்ந்த நீரைத் தெளித்தார். மேலே மிதந்த தூளெல்லாம் அடியில் போய்ப் படிந்தது. தெளிவை மட்டும் மெல்லச் சாய்த்து ஊற்றி, கித்துள் கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்தபடி குடித்தார். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. முதலில் கசந்தது, முகத்தைச் சுளித்தேன். சுளித்த முகம் விரியுமுன்னே தோடம்பழத் தோலைக் கடித்தாற்போல் ஒரு புளிப்பு வந்தது. அதன் பின்னால், நான் கருப்பட்டியைக் கடிக்காதிருந்தும், நாக்கில் ஓர் இனிப்பு நெடுநேரம் நின்றது. அன்றிரவு அம்மா சோறு உண்டார். அப்பா தம் தட்டைப் பார்க்காமல் அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அப்பா வேறு கோட்டை அணிந்துகொண்டு போனார். அன்று தோட்டத்தை நிர்வகித்த துரை தேயிலை சுவைத்துப் பார்க்கும் நாள். வாரம் முழுவதும் செய்த தேயிலை சலிப்பறையில் துணி மூடிக் குவிந்திருந்தது. அவர் தலையசைத்தால்தான் அது பெட்டிக்குள் போகும். அப்பா சாப்பிடாமற் போய்விட்டாரென்று அம்மா உணவைக் கட்டி என்னிடம் கொடுத்தார். மாமா குடை பிடித்து உடன் வந்தார்.

தேயிலை சுவைக்கும் அறையின் வாசலை நாங்கள் அடைந்தோம். நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. துரை ஒவ்வொன்றிலிருந்தும் கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிக்கொண்டு வந்தார். நடுக் கிண்ணத்தில் நின்றார். துப்பவில்லை. முந்திய கிண்ணத்துக்குத் திரும்பினார். மறுபடி நடுக் கிண்ணம்.

“டீமேக்கர். நீ குடி.”

அப்பா கரண்டியை எடுத்தார். அந்த நொடியில் அவர் முன் இருந்த இரண்டு வழிகளை நான் அறிந்திருந்தேன்; அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இராது. தேயிலை சுத்தமாக இருக்கிறது என்றால் அவர் நாக்கு செத்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு ஸ்டோரில் வேலை இல்லை. கெட்டிருக்கிறது என்றால் அவர் காவலில் கெட்டது. அதற்கும் வேலை போகலாம். வேலை போனால் வீடும் போகும். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. அப்பா உறிஞ்சினார், துப்பினார், கரண்டியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தார்.

“கோப்பி, துரை” என்றார்.

துரையின் முகம் சிவந்தது. தடதடவென்று அடுப்பறைக்குப் போனார். அதற்கும் சலிப்பறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பெரிய அடுப்பின் கதவைத் திறந்து குச்சியால் கிளறினார். அடியிற் சாம்பல் இன்னும் சுட்டது. அடுப்புக்காரரை இழுத்து வந்தார்கள். கருவாட்டுக்காரருக்குப் பின் வேலைக்கு வந்த வயதாளி அவர், ஐந்தாறு பிள்ளைகள்.

“நேத்து யாரு நெருப்பு போட்டது?”

“சாமி சத்தியமா நா இல்லீங்க தொரை. நேத்து நா கோயிலடியில இருந்தேனுங்க. கேட்டுப் பாருங்க தொரை.”

“பொய் பேசுறான். இன்னிக்கே பத்துச்சீட்டு!”

பத்துச்சீட்டு என்றால் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஓரடி முன்னால் வைத்தார். “துரை” என்று வாயெடுத்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை நான் அறிவேன் என்றே இன்றளவும் நம்புகிறேன். ஆனால் சொல்லி முடிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

“நான்தாங்க தொரை வறுத்தேன்.”

மாமா குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“நீ யாரு மனுஷன்?”

“டீமேக்கர் ஐயா மச்சினனுங்க. பலாங்கொடையில கடையில இருக்கேனுங்க. கோப்பி ஆசை தாங்கலீங்க. அத்தான் தூங்கறப்ப சாவிய எடுத்துட்டேனுங்க.”

நான் மாமாவை அண்ணாந்து பார்த்தேன். முந்தின நாள் பிற்பகலெல்லாம் என் காயை வெட்டிக்கொண்டிருந்தவர் அல்லவா! வாயைத் திறந்தேன். மாமாவின் ஈரக் கை என் உச்சந்தலையில் இறங்கிக் கனமாக அமர்ந்தது. வாயை மூடிக்கொண்டேன். மாமா பொய் சொல்கிறார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் வறுத்தது யார் என்ற கேள்வி மட்டும் எழவில்லை. சாவி யார் கையில் இருந்தது என்பதை அறிந்திருந்தும் எழவில்லை.

துரை அப்பாவின் பக்கம் திரும்பினார். “இது உண்மையா, டீமேக்கர்?”

அப்பா தரையில் இருந்த அடுப்புக்காரரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “என் வீட்டு ஆள், துரை. தப்பு என்னோடது.”

துரைக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அப்பாவின் தோளில் தட்டினார். நல்ல குடும்பத்து மனிதர் பேசும் பேச்சு அது என்று எடுத்துக்கொண்டார் போலும். அடுப்புக்காரரை வேலைக்குப் போகச் சொன்னார். குவியல் முழுவதையும் உரக்குழியில் கொட்ட உத்தரவாயிற்று. மாமாவுக்கும் ஓர் உத்தரவு: “இருட்டு முன்னே தோட்டம் விட்டுப் போகணும். மறுபடி இங்கே கால் வச்சா, டீமேக்கரும் போகணும்.”

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மீதிக் கோப்பியை இடித்து, கதவுகளைத் திறந்து வைத்தே காய்ச்சினார். மணம் வெளியெல்லாம் பரவியது, அப்பா தடுக்கவில்லை. அம்மா ஒரு கோப்பையை அவர் முன்னும் வைத்தார். என் தந்தையார் கோப்பி குடித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். துப்பாமல், மெல்ல, முழுவதும் குடித்தார்.

“வறுவல் கொஞ்சம் ஏறிப்போச்சு. இன்னும் முந்தி எறக்கியிருக்கணும்” என்றார்.

“ஹரி அத்தான். அடுத்த தடவ பாத்து வறுக்கிறேன்” என்றார் மாமா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது; சிரித்த வாயிலேயே அழுகையும் வந்தது. எனக்கோ கோபம். செய்யாத குற்றத்தைத் தம்மேல் போட்டுக்கொண்டு, வறுவலுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் மனிதரை என்னவென்பது?

மாமா புறப்பட்டார். அவருடைய தகரப்பெட்டியை அப்பா எடுத்துக்கொண்டார். தம் குடையைக்கூட ஆள் பிடிக்க நடப்பவர் அவர். அன்று ஸ்டோர் வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மழையில் முன்னே நடந்தார். மாமா வேண்டாமென்று தடுத்தது தெரிந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் வண்டிப்பாதை வளைவில் மறைந்தார்கள். தம்பி பிறந்தபோதும் மாமாவால் அந்த வளைவைத் தாண்டி வர முடியவில்லை. அம்மாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பலாங்கொடைக்குப் போய்க் காட்டிவந்தார்.

நான் உள்ளே வந்தபோது, அம்மா ஆணியில் தொங்கிய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தினார்.

“அது சுத்தமாத்தானேம்மா இருக்கு?”

அம்மா கோட்டை மறுபடி மறுபடி அமிழ்த்தி அலசிக்கொண்டே இருந்தார். நான் சன்னலுக்குப் போனேன். வெகுநேரத்துக்குப் பின் அப்பா அந்த வளைவில் தென்பட்டார். கையில் பெட்டி இல்லை. தலைக்குக் குடையும் இல்லை. முழுக்க நனைந்து, தலை கவிழ்ந்து, மெல்ல ஏறி வந்தார்.

“அம்மா! அப்பா மாமாவ எல்லை வரைக்கும் வெரட்டிட்டு வர்றாரு!” என்று கூவினேன். கருவாட்டுக்காரரின் மனைவி வாசலில் அழுத நாளில் வந்த பெருமையைவிட, அன்று எனக்கு வந்த பெருமை பெரிது.