தென்காசி வீட்டுக் கதவு

புது வீடு எப்படி இருக்குன்னு எல்லாரும் கேக்குதீங்க. இலஞ்சியில வீடு நல்லாத்தான் இருக்கு. பட்டாளத்துல இருக்கிற எங்க வீட்டுக்காரருக்குத்தான் நாங்க மாறுனது தெரியாது. எல்லையில சண்டை ஓஞ்சும் அவுககிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல. வருஷமே முடியப் போவுது.

இன்னைக்குப் பஸ்ல, தென்காசியில எங்க பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிற அக்கா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. காலி பண்ணும்போது அவங்க கையைப் பிடிச்சு, "அவுக வந்தா இலஞ்சிக்கு அனுப்பி வையுங்கக்கா"ன்னு சொல்லிட்டு வந்திருந்தேன்.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"ன்னு கேட்டேன்.

"ஒருத்தரும் வரலம்மா. ஆனா கதவு தட்டுனாலே, போட்டது போட்டபடி ஓடுதேன். காலையில ரசம் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. வந்தது பால்காரரு."

சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அப்படி ஓடி ஓடி, அந்தக் கதவுச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் வீடே மாறுனேன். இப்போ அது அந்த அக்கா தலையில விடிஞ்சிருக்கு.

இங்கனயும் ஒரு கதவு இருக்கும்னு நான் யோசிக்கல பாத்துக்கிடுங்க.

வீடு பாக்க வாங்க, வேண்டாங்கல. ஆனா தட்டும்போதே உங்க பேரையும் சொல்லிருங்க.