கறுப்பு அட்டை கட்டியவர்கள்

ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு, ஒருவன் விழுந்துவிட்டான் என்று கேட்டால் "ஐயோ" வருவதற்கு முன்னால் "எங்கிருந்து?" என்றுதான் வாயில் வரும். ஏணியிலிருந்து என்றால் பதிவேட்டில் ஓர் எண், படிக்கட்டிலிருந்து என்றால் வேறு எண். காயத்துக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று. எழுபதுகளின் நடுவில் குவைத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என்னைப்போல் எண் போட்டுக் கண் கெட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

புத்தகத்தில் இருக்கிறது

பக்கத்து நாடுகளில் சண்டை ஓய்ந்திருந்த சமயம். அடுத்தது அணுகுண்டுதான் என்று கான்டீனில் பேசிக்கொண்டார்கள். அணுகுண்டில் அடிபட்ட பொதுஜனம் வந்தால் எப்படிப் பிரிப்பது, என்ன சிகிச்சை, எப்படிப் பதிவது என்று ஒத்திகை நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

எங்கள் எண் புத்தகத்தில் அதற்கு இடம் இருக்காது என்று நினைத்தேன். போர்க் காயங்கள் பகுதியைப் புரட்டினால், துப்பாக்கிக் குண்டுக்குச் சற்றுக் கீழே, அணு ஆயுதத்துக்கும் ஒரு வரி இருந்தது. யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து, இது வரும் என்று யோசித்து, எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மேலதிகாரி மாத்யூ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எண் இருக்கில்லே? பின்னே எதுக்குப் பயம்? எண் இல்லாதது வந்தாத்தான் நமக்குக் கஷ்டம்."

குளியலறை

குண்டு விழுந்த இடத்திலிருந்து வருபவரின் துணிகளை அகற்றி, உடம்பை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதை ஃபர்வானியா ஃபிளாட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாம். வசந்தா குளியல் தொட்டியை நிரப்பினாள். பிறகு வாளிகள், குக்கர், குழந்தையின் தண்ணீர் பாட்டில்.

எல்லாம் நிரம்பிய பிறகு ஈரக் கையோடு வந்து என் எதிரில் நின்றாள். "அதெல்லாம் சரி. தண்ணி முழுக்க மாடி டேங்க்லதானே இருக்கு? குண்டு டேங்க் மேலயே விழுந்தா, எதை வச்சுக் குழந்தையக் கழுவறது?"

நடிக்க வந்தவர்கள்

ஒத்திகைக்கு அடிபட்டவர்களாக நடிக்க, ஒரு கான்ட்ராக்டர் தன் லேபர் கேம்ப்பிலிருந்து பஸ் நிறைய ஆட்களை அனுப்பினார். வாசலில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் அட்டை கட்டினோம். சிவப்பு என்றால் உடனே சிகிச்சை. மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை நடந்து போகலாம். கறுப்பு என்றால் பிழைக்க மாட்டார், அவர்மேல் நேரம் செலவிடக் கூடாது.

சிவப்புக்காரர்களை உடுப்பைக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். கறுப்புக்காரர்களைக் கொட்டகை நிழலில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கறுப்புக்குக் கிராக்கி வந்துவிட்டது. கண் மறைவில் அட்டைகள் கை மாறின. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் சேது, கறுப்பு அட்டையைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "செத்தவனை மட்டுந்தான் சார் இந்த ஊர்ல 'யல்லா யல்லா'ன்னு வெரட்ட மாட்டேங்கிறானுங்க."

எதனால்?

அட்டைகளில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது என் டியூட்டி. கறுப்பு வரிசையில் ஒவ்வொருவரையும் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "குண்டு சார்" என்றார் ஒருவர். "எனக்கு ரெண்டு குண்டு" என்றார் அடுத்தவர். பாய் பாயாகச் சிரிப்பு.

கடைசிப் பாயில் வேலு என்பவர் சிரிக்கவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதடு சாம்பல் நிறம். "காலையிலேர்ந்து நெஞ்சப் பிசையுது சார். கை வரைக்கும் இழுக்குது." டாக்டரைக் கூப்பிட்டேன். எகிப்துக்காரர். அட்டையைப் பார்த்தார். "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நர்ஸ் ஏலியம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் அட்டையைப் பார்த்துவிட்டு, "நல்லா நடிக்கறான்" என்று சிரித்தார். கண் முன்னால் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், எல்லோரும் விதிப்படி நடக்கிறார்கள். அணுகுண்டை நினைத்துக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அட்டையைப் பிய்த்து எறிந்தேன். வெறும் மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் ஏலியம்மா குனிந்து நாடி பிடித்தார். அவர் முகம் மாறியது. "சாரே, இவன் நிஜமாவே சாகப் போறான். ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லுங்க!"

காரணம்

பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து எண் போடுவதற்காக வார்டுக்குப் போனேன். அவருக்கு நாங்கள் கட்டியது சிவப்பு அட்டை. வலி என்று சொன்னால் மெடிக்கல் செக்கப்பில் தேறவில்லை என்று கழித்துக் கட்டிவிடுவார்கள் என்று பயந்து, பேசாமல் படுத்தால் சரியாகிவிடும் என்று கறுப்பை வாங்கிக் கட்டியிருக்கிறார்.

நான் பேனாவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சுன்னு எழுதிடாதீங்க சார். அந்த அணுகுண்டுன்னே போட்டுடுங்க. குண்டு எல்லார் மேலயும் விழும். நெஞ்சுன்னா விசா குடுத்த கஃபீல் என்னை மட்டும் ஊருக்கு ஏத்திடுவான்."

நெஞ்சுக்கு உரிய எண்ணைத்தான் போட்டேன், அவரை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அணுகுண்டுக்கென்று யாரோ யோசித்து வைத்த அந்த எண்ணை, நான் அங்கே இருந்தவரை, கேட்ட ஒரே ஆளுக்கும் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.