துரைசானி வேஷத்தைக் கழற்றிய ரொஹாயா

ரொஹாயா எட்டு வருடம் அந்தக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். ஜகார்த்தாவின் பழைய நகரத்து மைதானத்துக்கு வருகிறவர்கள் படம் எடுக்கும்போது டச்சுக்காரர்கள் கட்டி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் நகர மன்றம் பின்னால் விழ வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அதனால் அங்கே சிலையாக நிற்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டடம் முதுகுப் பக்கம்தான்.

நான் அதே மைதானத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன். ரோஜா நிறம், பச்சை, மஞ்சள் என்று இருபது சைக்கிள், ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஓர் அகலத் தொப்பி. என் சைக்கிள் வரிசைக்கு நேர் எதிரே அவளுடைய மரப்பெட்டி. அதன் மேல் டச்சு துரைசானி வேஷத்தில் நிற்பாள்; துரைசானியை எங்கள் ஊரில் நோனி என்பார்கள். முகத்தில் வெள்ளை மாவுப் பூச்சு, நீலக் கவுன், ஜரிகைக் குடை, முழங்கை வரை கையுறை. காலை ஒன்பதுக்கு ஏறினால் மத்தியானம் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, வெயில் தாழும் வரை நிற்பாள். கூட நின்று படம் எடுத்தவர்கள் காலடியில் இருக்கும் தகர டப்பாவில் ஏதாவது போட்டுவிட்டுப் போவார்கள்.

அதற்கு முன்னால் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அதை மூடிய மாதமே, யாரோ தூக்கிப் போட்ட ஜன்னல் திரையை வெட்டி அந்தக் கவுனைத் தானே தைத்தாள். பிடித்தால் விடாத பிறவி. ஒரு தடவை குளவி கன்னத்தில் கொட்டியது. கண்ணில் தண்ணீர் தாரையாக வழிந்து மாவுப் பூச்சில் கோடு போட்டதே தவிர, குடை ஒரு நூல் அசையவில்லை. நான்தான் ஓடிப்போய்த் துண்டை வீசி விரட்டினேன். அன்று மாலை, "ஏன்டா ஜெய்லானி வந்தே? கூட்டம் நல்லா சேர்ந்துச்சு, கெடுத்திட்டியே" என்று என்னைத் திட்டினாள்.

ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி, வரிசையை விட்டு விலகி அவள் எதிரே வந்து அண்ணாந்து நின்றாள்.

"நோனி, பின்னாடி இருக்கிறது உங்க வீடுதானே? உள்ள என்னல்லாம் இருக்கு?"

சிலை பேசக் கூடாது. ரொஹாயா பேசவில்லை. சிறுமி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "தெரியாது போல" என்று தன் தோழியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் ரொஹாயா என் சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"நீ உள்ள போயிருக்கியாடா?"

"போயிருக்கேன் எம்போக். கக்கூஸ் வரைக்கும்." எங்கள் பக்கம் அக்காவை எம்போக் என்றுதான் கூப்பிடுவோம்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தக் குட்டி சரியாத்தான் சொல்லிட்டுப் போச்சு. எனக்குத் தெரியாதுதான். எட்டு வருஷம், ஜெய்லானி. ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு வரத் தோணலையே."

"திங்கக்கிழமை லீவுதானே, போய்ப் பாருங்க."

"அவங்களுக்கும் திங்கக்கிழமைதான்டா லீவு."

அதுதான் சிக்கல். அருங்காட்சியகங்கள் எல்லாம் திங்களன்று மூடும். மூடினால் கூட்டம் வராது, கூட்டம் இல்லையென்றால் நமக்கும் வேலை இல்லை. அவளுக்கு ஓய்வான ஒரே நாளில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். பார்க்க வேண்டுமானால் வருமானம் வருகிற நாள் ஒன்றை விட வேண்டும். அவள் செவ்வாய்க்கிழமையை விட்டாள்.

பாக் விர்யோவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் சிலைக்காரர்களுக்கெல்லாம் மூத்தவர். உடம்பு முழுக்க வெள்ளிச் சாயம் பூசி, மரத் துப்பாக்கியோடு விடுதலைப் போர்வீரனாக நிற்பவர். எல்லோரும் அவரைத் தகப்பன் முறையில் பாக் என்போம்.

"ஏற்கெனவே திங்கக்கிழமை போச்சு. இப்ப செவ்வாயும் போகுதா? ஏன் ரொஹாயா, டச்சுக்காரன் நாற்காலியைப் பார்த்தா உன் வீட்ல அரிசி வேகுமா?"

"வேகாது பாக். ஆனா அடுத்த தடவை ஒரு குழந்தை கேட்டா, நான் பொம்மை மாதிரி நிக்க மாட்டேன்."

"நீ பொம்மை மாதிரி நிக்கத்தானே வர்றே!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் செவ்வாயன்று போனாள். சாதாரணப் பாவாடை சட்டை, தலையில் முக்காடு. வாசலில் இருந்த காவலாளி தோஹிர் தினமும் அவளுக்கு வணக்கம் சொல்கிறவன். வெள்ளைப் பூச்சு இல்லாத முகத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"பையைத் திறந்து காட்டுங்க, இபு" என்றான், முன்பின் தெரியாத அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி.

"டேய் தோஹிர், நான்தான்டா."

"எந்த நான்?"

அவள் ஒரு கையைக் குடை பிடிக்கிற மாதிரி தூக்கி, தலையைச் சாய்த்து, அசையாமல் நின்று காட்டினாள். தோஹிர் வாயைப் பிளந்தான். "எம்போக்! நீங்க இவ்வளவு கறுப்பா?" என்று கத்தியே விட்டான். இதை அவளே எங்களிடம் பத்துத் தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

மாடியில் ஆள் உயரத்துக்கு அலமாரிகள், கறுத்த மரத்தில் செதுக்கிய பெரிய மேஜைகள், ரசம் போன கண்ணாடி. ஒரு ஜன்னல் வழியே மைதானம் முழுக்கத் தெரிந்ததாம். என் சைக்கிள்கள், வெயிலில் மின்னும் விர்யோ, பக்கத்தில் காலியாய்க் கிடந்த தன் பெட்டி. இவ்வளவு சின்னதா அது என்று இருந்ததாம். எந்தப் பொருள் எந்த ஆளுநருடையது என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைத் துடைத்துப் பளபளக்க வைத்தது யார் என்று அவள் தேடிப் பார்த்தாள், கண்ணில் படவில்லை. கீழே பெண்கள் சிறை இருந்தது என்று தோஹிர் சொன்னான். போகக் கிளம்பியவளை மறித்தான்.

"மழைத்தண்ணி ஏறியிருக்கு எம்போக். வடிஞ்சு காயணும். திறக்க எத்தனை நாள் ஆகுமோ."

"திறக்கிற அன்னைக்கு எனக்குச் சொல்லு."

அது திறப்பதற்குள் பதினோரு செவ்வாய்கள் ஓடின. அந்தப் பதினோரு நாளும் அவள் சும்மா இருக்கவில்லை. பழைய வங்கிக் கட்டடத்துக்குப் போய் ஆளை விழுங்கும் அளவுக்குப் பெரிய இரும்புக் கதவுகளைப் பார்த்தாள். பாவைக்கூத்துப் பொம்மைகள் வைத்திருக்கும் வீட்டுக்குப் போனாள். ஒருகாலத்தில் அது தேவாலயமாக இருந்தது என்பது அங்கே போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஜாதிக்காயும் மிளகும் குவித்து வைத்த கிடங்குகளைக் கடலோரத்தில் பார்த்தாள். ரயிலேறி யானைச் சிலை நிற்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும், அதைத் தாண்டிக் கதீட்ரலுக்கும் போனாள். மகளின் பள்ளி நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, காவலாளிகளையும் வழிகாட்டிகளையும் துளைத்துக் கேட்டு எழுதினாள். டச்சில் இருந்த பலகைகளை எழுத்து எழுத்தாகப் படம் போல வரைந்துகொண்டு வந்து, வழிகாட்டிகளில் அந்த மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து அர்த்தம் கேட்பாள்.

அவள் புருஷன் மீசான் துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். "ஊர்ல இருக்கிற கல்லு மண்ணையெல்லாம் பார்த்து முடிச்சியா?" என்று கேட்பாராம். "இன்னும் இருக்கு" என்பாளாம் இவள்.

பன்னிரண்டாவது செவ்வாயன்று தோஹிர் ஆள் அனுப்பினான். சிறையைத் திறந்துவிட்டார்கள்.

அன்று எனக்குக் கூட்டம் இல்லை. நானும் கூடப் போனேன். தரைக்குக் கீழே வளைந்த கூரையோடு ஒரு நீள அறை. வாசலிலேயே குனிய வேண்டும், உள்ளே போனால் இன்னும் குனிய வேண்டும். எனக்கு இரண்டு நிமிடத்தில் இடுப்பு விட்டுப்போனது, வெளியே வந்துவிட்டேன். ரொஹாயா உள்ளே போனவள், நிமிர்ந்து பார்க்க முயன்றாள். தலை இடித்தது. மறுபடி முயன்றாள். பிறகு ஈரத் தரையிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தோஹிர், இங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

"பொம்பளைங்க. விசாரணைக்குக் காத்திருந்தவங்கன்னு சொல்றாங்க. முதுகு ஒட்டி முதுகா அடைச்சிருப்பாங்களாம்."

"பேரு?"

"எனக்குத் தெரிஞ்சு பலகையில எந்தப் பேரும் இல்ல எம்போக்."

அரை மணிக்கு மேல் அப்படியே இருந்தாள். நாள் முழுக்க அசையாமல் நிற்கிற பெண்ணுக்கு அரை மணி ஒன்றுமில்லைதான். ஆனால் வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். பாவாடை முழுக்கச் சேறு.

"நிக்கிறதுக்காவது எனக்கு ஒரு பெட்டி இருக்குடா, ஜெய்லானி" என்றாள். "அவளுங்களுக்கு நிக்கவே இடமில்ல. அவளுங்க தலைக்கு மேல நான் எட்டு வருஷமா குடை பிடிச்சு நின்னிருக்கேன்."

மறுநாள் துரைசானி வரவில்லை. ரொஹாயா வந்தாள். சாயம் போன பழுப்புத் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, உடம்பெல்லாம் சாம்பல் நிறம் பூசி, பெட்டியில் ஏறாமல் தரையில் உட்கார்ந்தாள். தலை கூரையில் இடிக்கிறவளைப் போலக் கழுத்தை மடக்கி, கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்க்கிற நிலை.

விர்யோ பதறிப்போனார். "கைதியோட நின்னு யாரு படம் எடுப்பா? தரையில உட்கார்ந்தா சிலைன்னு நினைக்க மாட்டாங்க ரொஹாயா, பிச்சைக்காரின்னுதான் நினைப்பாங்க. கவுனைப் போட்டுக்கிட்டு வா."

"கவுனை வெட்டியாச்சு பாக். தலகாணி உறை தைச்சிட்டேன்."

அவர் சொன்னதுதான் நடந்தது. அன்று முழுக்க ஒருவரும் அவள் பக்கத்தில் நின்று படம் எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே சில்லறை போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது நாள், மைதானத்துக்குப் புதிதாக வந்த காவலர் ஒருவர் அவள் முன்னால் நின்றார்.

"இங்க உட்காரக் கூடாது. எழுந்திரிங்க."

ரொஹாயா இமைக்கவில்லை.

"இபு, உங்களைத்தான். பிச்சை எடுக்க வேற இடம் பாருங்க."

அவள் கண் மேலே பார்த்தபடியே இருந்தது. காவலர் குனிந்து தோளைத் தொடப் போனார். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன், ஆனால் எனக்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது.

"தொடாதீங்க!"

விர்யோ பெட்டியிலிருந்து குதித்திருந்தார். கூட நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் அலறிவிட்டது. கூட்டத்தின் நடுவே அவர் நிலையைக் கலைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. மரத் துப்பாக்கியோடு வெள்ளி மனிதர் ஒருவர் பாய்ந்து வருவதைக் கண்டு காவலர் இரண்டடி பின்னால் போனார்.

"பிச்சைக்காரி இல்ல. எங்க ஆளு. சிலை. எட்டு வருஷ அனுபவம்."

"அப்ப இது என்ன வேஷம்? பார்த்தா யாருக்கு விளங்கும்? ஒரு பலகையாவது வைக்கச் சொல்லுங்க" என்றார் காவலர். நியாயமான பேச்சுதான்.

விர்யோ அவள் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "பலகை வைக்கிறியா, இல்ல நானே உன் கழுத்துல மாட்டவா?"

மறுநாள் பலகை வந்தது. 'இந்தக் கட்டடத்தின் அடியில் அடைக்கப்பட்ட பெண்களில் ஒருத்தி. பேர் தெரியாது. கேளுங்கள், சொல்கிறேன்.' எழுத்து விர்யோவுடையது. அவருக்குத்தான் அழகான கையெழுத்து.

கேட்டார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு கூட்டமாக. சிலை பேசக் கூடாது என்ற விதியை அவள் உடைத்தாள். யாராவது கேட்டால் மெதுவாக எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தரைமட்டத்தில் கம்பி போட்ட திறப்புகளுக்கு அழைத்துப் போய்க் குனியச் சொல்வாள். "உள்ள பாருங்க. இப்ப நிமிர்ந்து நிக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்க" என்பாள். அதற்கு மேல் நோட்டில் எழுதியதை மட்டும் சொல்வாள். தெரியாததைக் கேட்டால், "அது எனக்குத் தெரியாது, அடுத்த வாரம் கேட்டு வைக்கிறேன்" என்பாள். உண்மையிலேயே கேட்டு வைப்பாள்.

துரைசானிக்கு வந்த வருமானம் கைதிக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஈடுகட்ட, மற்ற சிலைக்காரர்களின் உடுப்புகளைக் காலையில் வீட்டில் தைத்துக் கொடுக்கிறாள். மீசான் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது மாதம் ஒரு செவ்வாயன்று லாரியை நண்பனிடம் விட்டுவிட்டு வந்தார். அவர் நல்ல உயரம். சிறை வாசலில் பாதி நுழைந்து, அதற்கு மேல் மடங்க முடியாமல் அப்படியே நின்றார். வெளியே வந்து முட்டையும் அரிசியும் சேர்த்துச் சுடும் கெராக் தெலோர் இரண்டு வாங்கி, பெரியதை அவளிடம் கொடுத்தார்.

அவர் வீட்டுக்குப் போய்ச் சந்தில் என்ன சொன்னாரோ, அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். அதற்கடுத்த வாரம் ஏழு பேர். மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒருத்தியும் எந்தக் கட்டடத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. இப்போது ஒவ்வொரு செவ்வாயும் அவர்களை அழைத்துக்கொண்டு போகிறாள்.

போன வாரம் பழைய துறைமுகத்துக் காவல் கோபுரம். நானும் போயிருந்தேன். கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், படி செங்குத்து. கசாப்புக் கடைக்காரர் மனைவி, கனத்த உடம்புக்காரி, பாதிப் படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னால முடியாது ரொஹாயா. சாய்ஞ்சிருக்கு. விழுந்துடும்."

"ரொம்ப காலமா சாய்ஞ்சுதான் இருக்கு. இன்னைக்கு உங்களுக்காக விழப்போகுதா? ஏறுங்க."

"கால் வலிக்குது."

"உட்கார்ந்து ஏறுங்க. பின்பக்கமா. நான் கீழேயிருந்து தாங்குறேன்."

"நான் விழுந்தா நீ செத்தே!"

"சாகிறேன். முதல்ல ஏறுங்க."

ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து அவள் ஏறினாள். மேலே போனதும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கீழே மரக்கப்பல்கள் வரிசையாக நின்றன, அவற்றுக்கு அப்பால் கடல்.

"அடி ஆத்தா" என்றாள். "இது இங்கேயேவா இருந்துச்சு?"

ரொஹாயா அதற்குள் நோட்டைப் பிரித்திருந்தாள்.