வாயைத் திறக்காத பிள்ளை

பிரசவ வார்டுக் கட்டிலில் நான் படுத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பயிற்சிக்காக. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கட்டிலுக்கு அடியில் துடைத்தவள்தான். படுத்துப் பார்த்தால் வேறு இடம்போல இருந்தது. மின்விசிறியும், மேலே இருந்து குனிகிற முகங்களும்தான் தெரிந்தன. பெரிய சிஸ்டர் பக்கத்தில் வந்து, என்ன செய்யுது என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகாமல் நின்றார். மனதுக்குள் பத்து எண்ணும்வரை நிற்கவேண்டும், அதுதான் பாடம். எங்கள் வார்டில் அதுவரை அந்தப் பழக்கம் கிடையாது. கத்துகிறவளை அதட்டுவோம். கத்தாதவளை நல்ல பிள்ளை என்போம்.

தேனியில் மூன்று நாள் கற்றுவந்துதான் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவராக விரும்பிப் போகவில்லை. அதற்கு முந்தின மாசம், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம், பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் சாகக் கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கர்ப்பப்பையை எடுத்துத்தான் காப்பாற்றினார்கள். கவனிக்கவில்லை என்று சிஸ்டருக்கு மெமோ வந்தது. அந்தப் பெண் உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று என்னைக் கேட்டார்.

"வாயத் தொறக்கல சிஸ்டர்."

மெமோவுக்குப் பதிலாக அப்படியே எழுதிக்கொடுத்தார். அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அவள் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். "அக்கா, கீழ ஈரமாப் போய்க்கிட்டே இருக்கு." நான் கையில் வாளியோடு நின்றேன். "ஊருல இல்லாத பிள்ளையவா பெத்துட்ட? எல்லாருக்கும் போகும். சும்மா படு ஆத்தா" என்றேன். பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் பேசவில்லை.

நான் கட்டிலில் கிடக்க, சிஸ்டர் மற்றவர்களிடம் அவளைப் பற்றித்தான் சொன்னார். "சாகப்போற நேரத்துலயும் அந்தப் பிள்ளை வாயத் தொறக்கல. பயந்த பிள்ளைக அப்படித்தான். நாமதான் கேக்கணும்." திரும்பி என்னைப் பார்த்தார். "சொல்லு ஆத்தா, என்ன செய்யுது?" பத்து எண்ணும் நேரம் எனக்காக நின்றார். சொல்லியிருக்கலாம்.

ஒண்ணுமில்லை என்றேன். நல்லா நடிக்கிறேன் என்று கைதட்டினார்கள்.

ஓய்வு பெறும்வரை சிஸ்டர் ஒவ்வொரு புது ஆளுக்கும் அதையே சொன்னார். நான் போய்க் கேட்டிருக்கணும், என் தப்பு என்று முடிப்பார். நான் வாசலில் துடைத்துக்கொண்டிருப்பேன்.

போன மாசம் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். சிஸ்டர் தன் தலையில் போட்டுக்கொண்டதையும் சொன்னேன்.  இருவரில் சின்னவள் கேட்டாள்.

"சிஸ்டருக்கு இது தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன்.

சிஸ்டர் இப்போது பழனிசெட்டிபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரே பஸ்தான், ஒரு மணி நேரம். இன்னும் போகவில்லை.