பிச்சாவரத்தில் தற்செயலாக

அம்மா, மாமா, தங்கச்சி, நான். எங்கள் பக்கம் அவ்வளவுதான். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால் மாமா. அந்தப் பக்கம் பையன், பையனின் அம்மா. அப்புறம் படகுக்காரர்.

அகலப்பாதை போட்டு ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். நான் கடலூர் பக்கத்துக் குடிகாட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. வீட்டில் முடிவு சொல்கிற ஆள் நான். தங்கச்சி கடலூரில் நர்ஸ். பெண் பார்க்கச் சம்மதிக்க அவள் ஒரே நிபந்தனை வைத்தாள். கல்யாணத்துக்கு அப்புறமும் நைட் டூட்டிக்குப் போவேன், சரியா என்று கேட்பேன். பதிலைப் பையன்தான் சொல்லணும் என்றாள்.

பையன் வீடு சிதம்பரம். வீட்டில் பார்த்துத் தட்டிப்போனால் தெரு பேசும், கோயிலில் பார்த்தால் ஊர் பேசும் என்றார்கள். பிச்சாவரம் காட்டில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும், ரகசியமாக.

ரகசியத்துக்கு அம்மா பட்டுப்புடவை கட்டினாள். தங்கச்சி தலை கொள்ளாமல் மல்லி. மாமா கையில் கண்ணாடித்தாள் சுற்றிய பழத்தட்டு. பாசஞ்சர் வண்டியில் எதிரே இருந்த மீன்கூடைக்காரம்மா கேட்டது.

"பொண்ணு காட்டப் போறீங்களா?"

"சும்மா காடு பாக்கப் போறோம்மா," என்றார் மாமா.

"காட்டுக்கு எதுக்கு ஆப்பிளு? நண்டு துன்னுமா?"

கிள்ளையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். படகுத்துறையில் பையனின் அம்மா, "அடடே, நீங்களா!" என்று ஆச்சரியப்பட்டார். அவர் கையிலும் பழத்தட்டு.

எல்லோரும் ஒரே படகில் ஏறினோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை, தண்ணீருக்குள் வேரை ஊன்றிக்கொண்டு. கொக்கு நின்றது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். தங்கச்சி பையனைப் பார்த்தாள். பையன் துடுப்பைப் பார்த்தார்.

"இவ்ளோ வெறகு சும்மா கெடக்குதே," என்றார் மாமா.

தங்கச்சி கேட்டுவிட்டாள்.

"அவன் என்னம்மா சொல்லப் போறான்? எங்க வூட்ல வேலைக்குப் போற அவசியமே இல்ல," என்றார் பையனின் அம்மா.

"அவரு சொல்லட்டுங்க."

"அவனுக்குக் கூச்சம்."

"மாப்ள மொகத்துலயே சம்மதம் தெரியுதே," என்றார் மாமா.

பையன் வாயைத் திறந்தார். படகுக்காரர்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"அம்மா, தண்ணி."

பையனின் அம்மா பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

கரையில் இறங்கும்போது பையனின் அம்மா தடுமாறினார். அவர் தட்டையும் மாமா வாங்கிப் பிடித்தார். இறங்கியதும் திருப்பிக் கொடுத்தது எங்கள் தட்டை.

"பாத்தீங்களா, தட்டு தானா மாறிடுச்சு! சாமியே நிச்சயம் பண்ணிடுச்சு," என்றார் பையனின் அம்மா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "அண்ணே," என்றாள்.

மாமா கையிலிருந்த தட்டை வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். எங்கள் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "இது தோதுப்படாதுங்க," என்றேன்.

ரயிலில் அம்மா கடலூர் வரை திட்டினாள். "அந்தப் புள்ள என்னடா தப்பு பண்ணுச்சு? பேசாமயா இருந்துச்சு?"

பேசினார். கூட்டிப் பார்த்தேன்.

இரண்டு வார்த்தை.